ஏழாம் அத்தியாயம்: 127 டிகிரி என்று காட்டினால்

புதுச்சேரியில் பாகூர்ப் பக்கத்துச் சேவை மையம் ஒன்றில் கணினி பார்க்கும் பெண் ஒரு நாள் காலை பதற்றத்தோடு போன் செய்தார்.

"அண்ணே, சூடு 127ன்னு காட்டுது. ஆஃப் பண்ணிடட்டா? எரிஞ்சிடுமா?"

"பெட்டி மேல கையை வச்சுப் பாரும்மா. எப்படி இருக்கு?"

"எப்பவும் போலதான்ணே."

"பின்னாடி காத்து வருதா?"

"வருது. லேசா வெதுவெதுன்னு இருக்கு."

"அப்ப ஒண்ணும் ஆகல. ஜனங்க நிக்கிறாங்கல்ல, வேலையப் பாரு. சாயங்காலம் வர்றேன்."

அன்று மாலை போய்ப் பார்த்தபோது கணினியில் கோளாறே இல்லை. முந்தின நாள் யாரோ புதிதாக ஒரு கண்காணிப்பு நிரலை நிறுவியிருந்தார்கள். அது மதர்போர்டில் உள்ள எல்லா உணரிகளையும் ஒன்றுவிடாமல் பட்டியலிட்டது. அதில் ஒன்று 127.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். மதர்போர்டில் வெப்பம், மின்னழுத்தம், விசிறி வேகம் மூன்றையும் கவனிக்க ஒரு சில்லு இருக்கிறது. சூப்பர் ஐஓ என்பார்கள். பெரும்பாலும் ஐடிஇ அல்லது நுவோட்டன் தயாரிப்பாக இருக்கும். அந்தச் சில்லில் வெப்ப உணரியை இணைக்க இரண்டு மூன்று கால்கள் உண்டு. போர்டு தயாரித்தவர் எல்லாக் கால்களிலும் உணரியைப் பற்றவைப்பதில்லை. வெறுமனே விடப்பட்ட காலை நிரல் படித்தால் என்ன கிடைக்கும்? எட்டு பிட்டுகளில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127, மிகச் சிறிய எண் மைனஸ் 128. இந்த இரண்டில் ஒன்று கிடைக்கும். சில போர்டுகளில் மைனஸ் 55 வரும். வில்லியனூரில் எந்த மார்கழியிலும் மைனஸ் 55 டிகிரி வராது. ஆகவே இந்த மூன்று எண்களில் எதைப் பார்த்தாலும் கணினியைத் தொடாதீர்கள். அந்த வரியை மட்டும் மறைத்துவிடுங்கள். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் பயன்படுத்துவோர் சென்சார்ஸ்.டி கோப்புறையில் ஒரு சிறு கோப்பு வைத்து, சில்லின் பெயரை 'சிப்' என்ற வரியில் குறித்து, அதன் கீழே அந்தக் காலுக்கு 'இக்னோர்' என்று ஒரு வரி எழுதினால் போதும். விண்டோஸில் எச்டபிள்யூ இன்ஃபோ, லிப்ரே ஹார்ட்வேர் மானிட்டர் போன்றவற்றில் அந்த வரியின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் மறைக்கும் வழி கிடைக்கும்.

இந்த அத்தியாயத்தின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே பழக்கத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். எண் சொல்வதை உடனே நம்பாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். இன்னொரு சாட்சியைக் கூப்பிடுங்கள். கை ஒரு சாட்சி. பின்பக்கக் காற்று ஒரு சாட்சி. சுவரில் மாட்டிய நூறு ரூபாய் வெப்பமானி நல்ல சாட்சி.

முதலில் அறையின் சூடு

புத்தகங்களில் "சும்மா இருக்கும்போது 40, வேலை செய்யும்போது 70" என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அவை குளிரூட்டிய அறைக்கு எழுதப்பட்டவை. நம் மையங்களில் பலவற்றுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கவாட்டில் ஒரு ஜன்னல், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அக்னி நட்சத்திர நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே 38 டிகிரி இருந்தால் ஆச்சரியமில்லை. ஹீட் சிங்கும் விசிறியும் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் சில்லை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது.

அதனால் கணினியின் எண்ணைத் தனியாகப் படிக்காதீர்கள். அதிலிருந்து அறையின் எண்ணைக் கழியுங்கள். டிசம்பரில் அறை 26, சில்லு 46: வித்தியாசம் 20. மே மாதம் அறை 38, சில்லு 58: வித்தியாசம் அதே 20. இரண்டு நாளும் எந்திரம் ஒரே ஆரோக்கியத்தோடு இருக்கிறது. டிசம்பரில் அறை 26 இருக்கும்போதே சில்லு 58 காட்டினால்தான் கவலை. மே மாதத்தில் அதே 58ஐப் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். ஒரு நோட்டில் வாரம் ஒரு முறை, கணினி போட்டு அரை மணி நேரம் கழித்து, அறைச் சூடு, சில்லுச் சூடு, வித்தியாசம் என்று மூன்று எண்களை எழுதி வையுங்கள். இந்தத் தொழிலில் நான் கண்ட மிகப் பயனுள்ள கருவி அந்த நோட்டுதான்.

வித்தியாசம் மெல்ல மெல்ல ஏறினால் தூசி. பாகூர் நெல் விளையும் பூமி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று அறுவடை வரும் காலங்களில் வைக்கோல் தூள் ஊரெல்லாம் பறக்கும். ரைஸ் மில் அருகில் இருந்தால் உமித்தூள் ஆண்டு முழுக்க வரும். அது ஹீட் சிங்கின் இடுக்குகளில் பஞ்சு மெத்தைபோல் அடைத்துக்கொள்ளும். புளோயரால் ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளியே கொண்டுபோய் ஊதுங்கள். உள்ளேயே ஊதினால் தூசி அடுத்த கணினிக்குப் போகும்.

வித்தியாசம் ஒரே நாளில் பத்து டிகிரி குதித்தால் அது தூசியின் வேலை அல்ல. விசிறி நின்றிருக்கும், அல்லது ஹீட் சிங்கின் கொக்கி ஒரு பக்கம் கழன்றிருக்கும். மழைக்குப் பிறகு என்றால் ஈசலையும் எறும்பையும் தேடுங்கள். குளவி கூடு கட்டி அடைத்த காற்றுத் துளைகளை நான் பல முறை ஆணியால் குத்தித் திறந்திருக்கிறேன். பனித்திட்டு, நரம்பை போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்று சேரும். உப்புக் காற்றில் விசிறி இணைப்பான்களின் ஊசிகள் பச்சை பூத்துப்போகும். விசிறி நன்றாகத்தான் இருக்கும், இணைப்பு மட்டும் விட்டு விட்டு வரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

எந்த எண் யாருடையது

ஒரு கணினிக்குள் வெப்பத்தைச் சொல்பவர்கள் பலர். பிராசஸருக்குள்ளேயே ஓர் உணரி இருக்கிறது. மதர்போர்டுச் சில்லுக்கு ஒரு கணக்கு உண்டு. வன்தட்டு தன் சூட்டைத் தானே ஸ்மார்ட் பட்டியலில் 194ஆம் வரியில் எழுதிவைக்கும். மூவரும் வேறு வேறு இடத்தின் சூட்டைச் சொல்கிறார்கள், அதனால் எண்கள் ஒத்துப்போகாது. ஒத்துப்போகவும் தேவையில்லை.

இன்டெல் பிராசஸரின் உள் உணரி நேரடியாக டிகிரி சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்றே சொல்கிறது. நிரல்தான் அந்தப் பாக்கியை உச்சத்திலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. உச்சம் பல மாடல்களில் 100 டிகிரி. நிரல் உச்சத்தைத் தவறாக எடுத்துக்கொண்டால் எல்லா எண்களும் ஒரே அளவு தவறும். உச்சத்துக்கு அருகே இந்த உணரி துல்லியமானது, தாழ்ந்த சூட்டில் அவ்வளவு துல்லியம் கிடையாது. அறையைவிடச் சில்லு குளிர்ச்சி என்று அது காட்டினால் சிரமப்பட வேண்டாம், அது அதன் சுபாவம். ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் போன்றவை விசிறி எல்லா மாடல்களிலும் ஒரே சீராக ஓடுவதற்காக உண்மைச் சூட்டோடு 20 டிகிரி சேர்த்தே சொல்லும். இதை அறியாமல் நல்ல ஹீட் சிங்கைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

பிராசஸர் உச்சத்தைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் தானே அணைந்துவிடும். ஆகவே "மதியம் மட்டும் கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்று யாராவது சொன்னால் வைரஸைத் தேடுவதற்கு முன் சூட்டைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பாய்ந்து ஓடும் எந்திரம் இரண்டு மணிக்குத் தவழ்ந்தால், பத்தில் எட்டு முறை காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்தான் காரணம். பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நெல் மணி அளவு புதிது வைத்து, ஹீட் சிங்கை நேராக அழுத்தி மாட்டுங்கள்.

வன்தட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் தரும் மேல் வரம்பு 60 டிகிரி. நம் ஊர்க் கோடையில் அது 50ஐத் தாண்டும்போதே பெட்டியின் முன்பக்கம் ஒரு விசிறி சேர்த்துவிடுங்கள். பிராசஸர் சூடானால் வேலை நிற்கும். வன்தட்டு போனால் மையத்துக்கு வந்தவர்களின் விண்ணப்பங்களும் சான்றிதழ்களும் சேர்ந்து போகும்.

மின்னழுத்த எண்கள்தான் அதிகம் ஏமாற்றும். கண்காணிப்புச் சில்லால் 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாது. இரண்டு மின்தடைகளால் அதைச் சிறிதாக்கி உள்ளே வாங்கிக்கொள்கிறது. எத்தனை பங்காகக் குறைத்தார்கள் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். நிரலுக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டால் 12 வோல்ட்டை 9.6 என்றோ 3 என்றோ காட்டும். உண்மையில் 9.6 ஆக இருந்தால் கணினி ஓடவே ஓடாது. மல்டிமீட்டரை எடுங்கள். நான்கு ஊசி இணைப்பானில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருந்தால் நல்லது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். மாலையில் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் அளந்தால் கதை முழுதாக விளங்கும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கி உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும்.

விசிறி வேகம் சுழி என்று காட்டி, விசிறியோ கண்ணெதிரே சுழன்றால், அது வேகம் சொல்லும் கம்பி இல்லாத இரட்டைக் கம்பி விசிறியாக இருக்கலாம். அல்லது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக மின்சாரம் எடுப்பதாக இருக்கலாம். மூன்று கம்பி விசிறி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்பை எண்ணித்தான் வேகம் கணக்காகிறது. சரியாக இரண்டு மடங்கோ பாதியோ காட்டினால் எண்ணும் கணக்கில்தான் பிழை.

இன்னும் ஒரு வினோதம் உண்டு. எல்லா எண்களும் திடீரென்று பைத்தியம் பிடித்தாற்போல் குதிக்கும். அப்போது இரண்டு கண்காணிப்பு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே சில்லை ஒரே நொடியில் விசாரித்தால் பதில்கள் கலந்துபோகும். ஒன்றை நிறுத்துங்கள். நேற்றுவரை ஒழுங்காக வந்த எண்கள் விண்டோஸ் புதுப்பித்த மறுநாள் மறைந்துவிட்டால் டிஃபெண்டரின் வரலாற்றைப் பாருங்கள். பல நிரல்கள் வின்ரிங்0 என்ற பழைய டிரைவரை நம்பியிருந்தன. அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதால் டிஃபெண்டர் அதைத் தடுத்து வைக்கிறது. தடையை நீக்காதீர்கள். அந்த டிரைவர் இல்லாத புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

வெளியே மாட்டும் பலகை

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் கணினித் திரைக்குள் இருக்கின்றன. மையத்தைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனவருக்கு அவை தெரியாது. இங்கே நம் பகுதியின் ஒரு பழைய அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் ஐடிஆர்சி உதவியோடு வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கிராமங்களில் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாத காலம். விஎச்எஃப் வானொலி வழியாகத் தரவு போயிற்று. கரண்ட் இல்லாத நேரத்துக்குச் சூரியப் பலகைகள் வைத்தார்கள். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் நடந்தது, பெண்கள் நடத்தினார்கள். வீராம்பட்டினத்து மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் இறக்கி அனுப்பினார்கள். ஆனால் அது கணினித் திரையோடு நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவரின் காதுக்கு எட்டியபோதுதான் அந்த எண் பயன்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, அதே திட்டத்தின் மையம் இருந்த நல்லவாட்டில் நடந்ததும் அதுவே. சிங்கப்பூரில் இருந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். பூட்டியிருந்த மையத்தை ஊரார் உடைத்துத் திறந்து, அலை அறிவிப்புக்காக வைத்திருந்த அதே ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். அந்தப் பூட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எச்சரிக்கைக் கருவி எதுவானாலும் அதன் வாய் பூட்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

நம் கணினியின் சூட்டுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பதினாறு எழுத்து, இரண்டு வரி கொண்ட எல்சிடி பலகை போதும். எச்டி44780 என்ற பழைய ஹிட்டாச்சி சில்லின் முறையிலேயே இன்றும் அவை ஓடுகின்றன. மாட்டியதும் மேல் வரியில் கறுப்புக் கட்டங்கள் மட்டும் தெரிந்தால் பலகைக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் கணினியோ ஆர்டுயினோவோ அதனோடு பேசத் தொடங்கவில்லை. பின் விளக்கு எரிந்து ஒன்றுமே தெரியாவிட்டால் பின்னாலுள்ள சிறு திருகைத் திருப்பிக் கான்ட்ராஸ்டைச் சரிசெய்யுங்கள். மார்கழிக் காலையில் சரிசெய்தது சித்திரை வெயிலில் கறுத்துப்போகும், சூடு ஏறினால் இந்தத் திரை கருமையாகும். ஐ2சி இணைப்புப் பலகை என்றால் முகவரி 27ஆ 3எஃப்ஆ என்று இரண்டையும் முயன்று பாருங்கள். ஒரே தோற்றத்தில் இரண்டு வகைச் சில்லுகள் விற்கின்றன. ஐ2சி கம்பியை வெளிச் சுவர்வரை இழுக்காதீர்கள், அது சில அடி தூரத்துக்கானது. யூஎஸ்பி கம்பி ஐந்து மீட்டர்வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் வைஃபை உள்ள ஈஎஸ்பி சில்லைப் பலகையின் பக்கத்திலேயே வைத்துவிடுவது சுலபம்.

லினக்ஸில் எல்சிடிபிராக் பயன்படுத்துவோர் பலகையில் கிளையன்ட் 0, ஸ்கிரீன் 0 என்று சொல்லும் ஆங்கில வரியே நெடுநேரம் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். பலகையும் சேவையகமும் நலம், ஆனால் எண் அனுப்ப வேண்டிய நிரல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். அந்த நிரல் ஓடுகிறதா, 13666 என்ற போர்ட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். கம்பியைப் பிடுங்கி மாட்டிய பிறகு வேலை செய்யவில்லை என்றால் கருவியின் பெயர் யூஎஸ்பி0 என்பதிலிருந்து யூஎஸ்பி1 ஆகியிருக்கும்.

அறைச் சூட்டுக்குப் பலரும் டிஎஸ்18பி20 உணரியை வாங்குகிறார்கள், நல்ல தேர்வு. அரை டிகிரிக்குள் சரியாகச் சொல்லும். அதற்கும் இரண்டு பொய் எண்கள் உண்டு. 85 என்று காட்டினால் உணரி இப்போதுதான் விழித்தது, இன்னும் அளக்கவில்லை. கேட்பதற்கும் படிப்பதற்கும் நடுவே 750 மில்லிசெகண்ட் இடைவெளி கொடுங்கள். இன்வெர்ட்டருக்கு மாறும் நொடியில் மின்சாரம் துள்ளினாலும் 85 வரும். மைனஸ் 127 என்றால் கம்பி விட்டுப்போயிருக்கிறது, அல்லது 4.7 கிலோ ஓம் மின்தடையை மாட்ட மறந்துவிட்டீர்கள். இந்த இரண்டு எண்களையும் நிரலிலேயே தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவில் மணி அடித்து எல்லோரையும் எழுப்பும். இரண்டு முறை பொய்யாக எழுந்தவர்கள் மூன்றாம் முறை எழமாட்டார்கள்.

ஆனால் பொய்யாக அடிக்கும் மணியைவிட ஆபத்தானது உறைந்துபோன பலகை. கணினி உள்ளே திணறி நின்றுவிட்டிருக்கும். வெளியே பலகை கடைசியாக வந்த 48ஐயே சாந்தமாகக் காட்டிக்கொண்டிருக்கும். இதற்குப் பரிகாரம் எளிது. பலகையின் மூலையில் நொடிக்கு ஒரு முறை மின்னும் புள்ளி ஒன்று வையுங்கள். முப்பது விநாடி புதிய எண் வராவிட்டால் பழையதை அழித்துவிட்டுக் கோடுகளைக் காட்டும்படி எழுதுங்கள்.

மொழி விஷயம் ஒன்று. இந்தப் பலகைகளில் தமிழ் வராது. நாமே வரைந்து ஏற்ற எட்டு எழுத்துருவங்களுக்கு மட்டுமே இடமுண்டு. ஐந்துக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் 'ணை' என்பதை எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும். தமிழ் வேண்டுமென்றால் 128க்கு 64 புள்ளி ஓஎல்இடி திரை வாங்கி எழுத்தைப் படமாக ஏற்றலாம். நான் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. பலகைக்குக் கீழே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள் வைத்து, பக்கத்தில் பெயின்டால் எழுதிவிடுவேன்: "பச்சை – சரி. மஞ்சள் – ஜன்னலைத் திறக்கவும். சிவப்பு – கணினியை நிறுத்திவிட்டு இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்." எதிர்க் கடைக்காரருக்கு எண்ணைப் படிக்கத் தேவையில்லை, நிறம் தெரிந்தால் போதும். பலகையை அவர் பார்வை படும் இடத்தில், மழைச் சாரல் படாமல், இறவாணத்துக்கு அடியில் மாட்டுங்கள். மேற்குப் பார்த்த சுவர் வேண்டாம். மாலை வெயிலில் திரையும் தெரியாது, உணரியும் சுவரின் சூட்டைத்தான் சொல்லும்.

மாட்டி முடித்ததும் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். சிவப்பு எரியும் அளவைச் சிறிது நேரத்துக்கு 30க்கு இறக்கி, விளக்கு எரிகிறதா, எதிர்க் கடைக்காரர் கவனிக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பழைய அளவுக்கு மாற்றுங்கள். பிறகு உணரியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து இரண்டு நிமிடம் நில்லுங்கள். தை மாதம் என்றால் எண் மெல்ல ஏறி 34, 35 அருகே வந்து நிற்கும். அக்னி நட்சத்திரத்தில், 38 டிகிரி அறையில் அதே சோதனையைச் செய்தால் எண் ஏறாது, இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.